உறைபனி போய் மேகம் வந்திருக்கிறது: மகிழ்வதா, கவலைப்படுவதா?

தலைகுந்தாக்காரன்:
போன வாரம் வரை ஊட்டியை அடுத்த எங்கள் தலைகுந்தா பக்கம் விடிந்தால் எல்லாமே வெள்ளை. காமராஜ் சாகர் அணையை ஒட்டிய புல்வெளி, கேரட் பாத்தி, வாசலில் நிறுத்திய பைக்கின் இருக்கை, எதுவும் தப்பவில்லை. குழாயைத் திறந்தால் ஏழு மணிவரை காற்றுதான் வந்தது. பிறகு வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகி, கிழக்கிலிருந்து மேகம் ஏறி வந்தது. ஒரே இரவில் உறைபனி நின்றுவிட்டது. இப்போது விடியற்காலையில் குல்லா இல்லாமல் தோட்டத்துக்குப் போக முடிகிறது. ஊரே நிம்மதி என்கிறது. எனக்கு அரை மனம்தான். ஜனவரி நடுவில் வெயிலும் இல்லை, குளிரும் இல்லை, நாள் முழுக்க மூட்டமும் தூறலும். மலைத்தோட்டத்துக்கு இது நல்ல அறிகுறி இல்லை என்பது என் கட்சி. மற்றவர்கள் சொல்லுங்கள்.

குன்னூர்க் கொழுந்து:
அண்ணா, பனி அடித்தாலும் புலம்புகிறீர்கள், நின்றாலும் புலம்புகிறீர்கள். எங்கள் ஊர் சுமார் 1,850 மீட்டர் உயரம். ஊட்டி அளவுக்கு எங்களுக்குப் பனி கிடையாது. இருந்தும் ஓடையை ஒட்டிப் பள்ளத்தில் இருக்கும் என் தேயிலை, மேல்மட்டம் முழுக்கப் பழுப்பாகிவிட்டது. இலையைக் கையில் எடுத்துக் கசக்கினால் மூக்குப்பொடி மாதிரி உதிர்கிறது. அந்தச் செடி மறுபடி துளிர்த்து நான் பறிப்பதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரை தொழிற்சாலைக்கு என்ன கொடுப்பேன்? மேட்டில் இருக்கும் மிச்சத்தை இந்த மேகம்தான் காப்பாற்றியது. மேகத்துக்குக் கற்பூரம் கொளுத்தத் தயாராக இருக்கிறேன்.

கோவைப் பயணி:
பொங்கல் விடுமுறை முடிந்தும் கூட்டம் குறையட்டும் என்று காத்திருந்து, இ-பாஸ் எடுத்து, உறைபனி பார்ப்பதற்கென்றே குழந்தைகளுடன் வந்தோம். விடியற்காலையில் தலைகுந்தாவில் போய் நின்றால் வெறும் ஈரப் புல். இதற்குக் கோவையிலேயே இருந்திருக்கலாம். உங்களுக்கெல்லாம் பனி தொல்லையாக இருக்கலாம், எங்களுக்கு அது வருடத்துக்கு ஒரு முறை கிடைக்கும் காட்சி.

குன்னூர்க் கொழுந்து:
ஐயா, நீங்கள் படம் எடுக்கும் அந்த வெள்ளைப் புல்லுக்குப் பக்கத்தில் ஒருவரின் கேரட் கருகிக்கொண்டிருக்கும். வேலியைத் தாண்டிப் பாத்தியில் மிதித்துவிட்டுப் போகிறவர்கள் வேறு.

கோவைப் பயணி:
நான் மிதிக்கவில்லை. மிதித்தவர்களுக்கும் சேர்த்து என்னிடம் கணக்குக் கேட்காதீர்கள்.

மலைப்பாதை ஓட்டுநர்:
அவரை விடுங்கள். சீசன் என்பது ஏப்ரல், மே. ஜனவரியில் எங்களுக்கு வண்டி ஓடுவதே பனியைப் பார்க்க வருபவர்களால்தான். அதிகாலை சவாரி எல்லாம் உறைபனிச் சவாரி. மேகம் வந்த நாளிலிருந்து காலையில் ஒருவரும் கூப்பிடவில்லை. சுற்றுலா என்று சொன்னாலே முகம் சுளிக்கும் விவசாயிகள், தங்கள் அண்ணன் தம்பியில் எத்தனை பேர் வண்டி ஓட்டுகிறார்கள், விடுதியில் வேலை செய்கிறார்கள் என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வானம் பார்ப்பவன்:
இரண்டு விஷயம் கலந்து பேசப்படுகிறது. உறைபனிக்குக் கடுங்குளிர் மட்டும் போதாது. வானம் தெளிவாக இருக்க வேண்டும், காற்று அசையக் கூடாது, காற்றில் ஈரம் குறைவாக இருக்க வேண்டும். அப்போதுதான் பகலில் வாங்கிய வெப்பத்தை நிலம் இரவு முழுக்க வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்து போகும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் போன்ற தாழ்ந்த இடங்கள் வெளுக்கின்றன, மேட்டில் இருக்கும் வீடு தப்பிவிடுகிறது. மேகம் வந்தால் நிலத்தின் வெப்பம் வெளியேறாமல் தடுக்கப்படுகிறது. இப்போது நடப்பது அவ்வளவுதான்.

இன்னொன்று, ஒரு செய்தியில் பூஜ்ஜியம் என்றும் இன்னொன்றில் நான்கு டிகிரி என்றும் வருவதைப் பார்த்துப் பொய் என்று சண்டை போட வேண்டாம். வானிலை நிலையத்தின் வெப்பமானி ஆள் உயரத்துக்குச் சற்றுக் கீழே, பெட்டிக்குள் இருக்கிறது. புல்லின் நுனி அதைவிடப் பல டிகிரி குளிர்ந்திருக்கும். கருவி நான்கு காட்டும் காலையிலும் புல்லில் பனிக்கட்டி இருக்கலாம்.

எடப்பள்ளி அக்கா:
நீங்கள் எல்லோரும் செடியைப் பற்றியே பேசுகிறீர்கள், மனிதரைப் பற்றி யாரும் பேசவில்லை. கேரட் அறுவடை நடுராத்திரி கடந்ததும் தொடங்குகிறது. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மண்ணைக் கிளறிப் பிடுங்க வேண்டும், விடிவதற்குள் கழுவி லாரியில் ஏற்றினால்தான் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்ச் சேரும். உறைபனி நாட்களில் அந்த மண்ணைத் தொட்டவர்களுக்குத்தான் தெரியும். விரல் நுனி வெடித்து, உப்புப் பட்டாலே எரிகிறது. எனக்கு மேகம் நீடிக்கட்டும். செடிக்குக் கொப்புள நோயோ பனிக் கருகலோ, அது முதலாளியின் கவலை.

கரி அடுப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பனி தாங்காமல் அறையை இறுக மூடிவிட்டு, உள்ளே கரியை மூட்டி வைத்துத் தூங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதிலிருந்து வரும் விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மலையில் அப்படி உயிர் போன குடும்பங்கள் உண்டு. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கும், விடுதியில் தங்குபவர்களுக்கும் யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

தலைகுந்தாக்காரன்:
அக்கா சொல்வதற்கு எதிர்வாதம் கிடையாது. ஆனால் "முதலாளியின் கவலை" என்பதை ஏற்க மாட்டேன். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவன் முதலாளியா? என் பாத்தியில் நானும் என் மனைவியும்தான் பிடுங்குகிறோம்.

என் பயத்தை விளக்கமாகச் சொல்கிறேன். பனிக்காலத்தில் செடி தூங்கப் போய்விடுகிறது. தூங்குகிற செடி ஓரளவு தாங்கும். இப்படி நடுவில் வெதுவெதுப்பும் ஈரமும் வந்தால் அது விழித்துக்கொண்டு துளிர் விடுகிறது. என் தேயிலையில் இப்போதே இளம்பச்சை தெரிகிறது. நீர்போகத்துக்கு, அதாவது பாசனத்தை நம்பிய பருவத்துக்கு, உருளைக்கிழங்கு நட்டவர்களின் வயலில் முளை மண்ணைப் பிளந்துகொண்டு வருகிறது. பனிக்காலம் முடிந்துவிட்டதா? இல்லை. பிப்ரவரியில் வானம் தெளிந்து இரண்டு இரவு உறைபனி அடித்தால், முற்றிய இலையில் படுவதற்கும் இந்தத் துளிரில் படுவதற்கும் வித்தியாசம் உண்டு. தொடர்ந்து அடிக்கும் பனிக்குத் தெளிப்பான் வைத்து, மூடி, ஏதோ சமாளிக்கிறோம். விட்டு விட்டு அடிக்கும் பனிதான் ஏமாற்றுகிறது.

இதோடு கொப்புள நோய் வேறு. பருவமழையோடு வந்து, டிசம்பருக்குப் பின் வெயிலில் ஓய்ந்துபோக வேண்டிய நோய் அது. இன்று காலை ஒரு துளிரைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் வெண்மையாகச் சின்னப் புடைப்பு, மேல்பக்கம் அதற்கு நேராகக் குழி. இரண்டு இலை, ஒரு மொட்டு என்று எதைப் பறிக்கிறோமோ, அதைத்தான் அந்தப் பூஞ்சை பிடிக்கிறது.

குன்னூர்க் கொழுந்து:
கொப்புளத்துக்கு மருந்து இருக்கிறது. காப்பர் ஆக்ஸிகுளோரைடோ ஹெக்சகோனசோலோ அடிக்கலாம். கருகிய செடிக்கு என்ன மருந்து அடிப்பீர்கள்? இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நான் கொப்புளத்தைத்தான் எடுப்பேன்.

தலைகுந்தாக்காரன்:
தூறலில் அடித்த மருந்து செடியில் நிற்குமா ஓடையில் நிற்குமா?

ஓய்வுபெற்ற தோட்ட அலுவலர்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். பனிக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு என்பதை யாரும் சொல்லவில்லை. டிசம்பர், ஜனவரியில் குளிரும் வறட்சியும் சேரும்போது கொழுந்து மெதுவாக வளர்கிறது, அதில் மணம் கூடுகிறது. அந்த மாதங்களில் தயாராகும் நீலகிரித் தேயிலையைப் பனித் தேயிலை என்று தனியாக விற்கிறார்கள், வெளிநாட்டில் அதற்கென்றே வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அதற்குத் தேவை கடுங்குளிர் இரவும் வெயிலடிக்கும் பகலும். மூட்டம் போட்டால் அந்த மணம் கிடைக்காது, இலையை வாட்டுவதும் கடினம். நல்ல தேயிலை வேண்டுமென்றால் குளிரை வேண்டாம் என்று சொல்ல முடியாது.

குன்னூர்க் கொழுந்து:
ஐயா, அந்த மணம் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. சொந்தத் தொழிற்சாலை வைத்திருக்கும் எஸ்டேட்டுக்கு அது லாபம். நாங்கள் பச்சைத் தேயிலையை எடை போட்டுக் கொடுப்பவர்கள். பனி மணத்தோடு இருந்தாலும் மணம் இல்லாமல் இருந்தாலும் எங்களுக்குக் கிலோவுக்கு ஒரே விலை. பனியால் எடை குறைகிறது, மணத்துக்கு விலை கூடவில்லை. பிறகு எதற்கு நான் குளிரைக் கொண்டாட வேண்டும்?

ஓய்வுபெற்ற தோட்ட அலுவலர்:
அந்த இடத்தில் நீங்கள் சொல்வது நியாயம். கைகளால் தேயிலை செய்து நேரடியாக விற்கும் சின்னக் குழுக்கள் இப்போது மலையில் வந்திருக்கின்றன. அவர்களைப் போய்ப் பாருங்கள் என்று மட்டும் சொல்வேன்.

சோலைப்புல்:
இந்த மலை தேயிலைக்காகப் படைக்கப்பட்டது போலவே பேச்சு போகிறது. உயரமான பகுதி முழுக்கப் புல்வெளியும், இடுக்குகளில் சோலையுமாக இருந்த இடம் இது. சோலை மரங்களின் கன்றுகள் வெட்டவெளிக்குப் பரவாமல் தடுத்தவற்றில் உறைபனியும் ஒன்று என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். பனியைத் தாங்கும் புல் பிழைக்கிறது, தாங்காத கன்று கருகுகிறது. பனி வலுவிழந்தால் நமக்குக் கையில் குளிர் குறையும், புல்வெளிக்குக் காவல் குறையும். தோடர்களின் எருமை மேய்ந்த வெளி ஏற்கெனவே எவ்வளவு மிச்சம் இருக்கிறது?

மலைப்பாதை ஓட்டுநர்:
புல்வெளியை மூடியது வெதுவெதுப்பான ஜனவரியா? சீகை மரமும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டவை. வெள்ளைக்காரர் தொடங்கினார், சுதந்திரத்துக்குப் பிறகு நாம் இன்னும் அதிகமாக நட்டோம். பனி எவ்வளவு அடித்தாலும் சீகை அசைவதில்லை. மனிதர் செய்ததை வானிலையின் தலையில் கட்டாதீர்கள்.

அதோடு, பனியில் காய்ந்த புல்தானே பிப்ரவரி, மார்ச்சில் தீப்பிடிக்கிறது? இந்தத் தூறலில் புல் பச்சையாக இருந்தால் வனத்துறைக்குக் கொஞ்சம் மூச்சு வாங்க நேரம் கிடைக்கும்.

சோலைப்புல்:
நட்டதைப் பற்றி நீங்கள் சொல்வது சரி, சீகையை நானே பிடுங்கப் போகிறவன்தான். ஆனால் இருக்கும் கொஞ்சநஞ்சப் புல்வெளியைப் பற்றித்தான் என் கேள்வி. தீ தள்ளிப்போகலாம். இரண்டு வாரம் வெயில் அடித்தால் இதே பச்சைப் புல் காய்ந்துவிடும், அப்போது எரிவதற்கு நிறையப் புல் இருக்கும்.

கோவைப் பயணி:
எல்லோரும் சுற்றி வளைக்கிறீர்கள். இது காலநிலை மாற்றம்தானே? அதைச் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே.

வானம் பார்ப்பவன்:
ஒரு வார மேகத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது. 2024 ஜனவரியில் குளிர் தாமதமாகத்தான் தொடங்கியது, அப்போதும் இதே கேள்வி எழுந்தது. அந்த மாத நடுவில் காந்தலிலும் தலைகுந்தாவிலும் 1 டிகிரி, தாவரவியல் பூங்காவில் 2, சாண்டிநல்லாவில் 3 என்று செய்தி வந்தது. குளிர் தாமதமானது, வராமல் போகவில்லை. பூமி சூடாகிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இங்கே உறைபனியைத் தீர்மானிப்பது வானத்தின் தெளிவு. சராசரி வெப்பம் கூடிய குளிர்காலத்திலும் மேகமில்லாத சில இரவுகள் போதும், தலைகுந்தாக்காரர் பயப்படுவது நடந்துவிடும். அவருடைய கணக்கு எனக்குச் சரியாகவே படுகிறது.

குன்னூர்க் கொழுந்து:
எல்லோரும் அண்ணன் பக்கம் சாய்வதால் ஒன்று கேட்கிறேன். அண்ணா, உங்கள் தோட்டத்தில் நின்ற சில்வர் ஓக் மரங்கள் எங்கே? நிழல் மரம் நின்றால் அதன் கீழே பனி குறைவாக விழும் என்பது நம் அப்பாக்களுக்கே தெரியும். மரத்தை விற்றுவிட்டு மேகம் எப்போது வரும், எப்போது போகும் என்று வானத்தைப் பார்த்தால் எப்படி?

தலைகுந்தாக்காரன்:
மரத்தை விற்றது மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு. தம்பிக்கு அது தெரிந்தும் கேட்கிறார். இருந்தாலும் பதில் சொல்கிறேன்: புதிய கன்றுகள் நட்டிருக்கிறேன், இடுப்பு உயரம்கூட வரவில்லை. அவற்றுக்கே கோத்தகிரி மிலார் என்ற செடியை வெட்டி வந்து மூடி வைத்திருக்கிறேன், தாவரவியல் பூங்காவில் மலர் நாற்றுகளை மூடுவார்களே, அதே மாதிரி.

எடப்பள்ளி அக்கா:
தம்பிகளா, சண்டையைத் தோட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு சந்தேகம். பனி விழுந்த இலையில் வெயில் படுவதற்கு முன்னால் தண்ணீர் தெளித்துக் கழுவுகிறீர்களே, மேகம் போட்ட காலையிலும் அதே மோட்டார் ஏன் ஓடிக்கொண்டிருக்கிறது? பக்கத்துத் தோட்டத்தில் இன்று நான்கு மணிக்கே சத்தம் கேட்டது.

தலைகுந்தாக்காரன்:
பழக்கம்தான் அக்கா. மேகம் போட்ட நாளில் அது வீண், இலையில் ஈரம் கூடினால் கொப்புளத்துக்கு விருந்தும்கூட. நான் நிறுத்திவிட்டேன். ஆனால் குழாய்களைக் கழற்றவில்லை, பிப்ரவரி பாதி வரை கழற்றவும் மாட்டேன். குன்னூர்த் தம்பிக்கு மருந்து அடிக்க முதுகுத் தெளிப்பான் வேண்டுமானால் என்னுடையதை எடுத்துப் போகலாம். தூறல் விட்டதும் எனக்கும் வேண்டும், அதனால் புதன்கிழமைக்குள் திருப்பித் தந்துவிட வேண்டும்.

குன்னூர்க் கொழுந்து:
நாளை மாலை பஸ்ஸில் வருகிறேன். போன முறை அதன் முனை அடைத்திருந்தது, கழுவி வையுங்கள் அண்ணா.