பிரிட்டிஷ் வார் மெடல்: விளிம்பில் உள்ள பெயர் அசலா, மாற்றியதா?

வெள்ளிவிளிம்பு:
வணக்கம். முதல் உலகப்போர் பிரிட்டிஷ் வார் மெடல் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் குதிரைவீரன், 1914, 1918. விளிம்பில் அதைப் பெற்ற வீரரின் எண், பெயர், மதராஸ் சாப்பர்ஸ் (பொறியாளர் படை) என்ற படைப்பெயர். ரிப்பன் பளபளவென்று புதிதாக இருக்கிறது. வெர்னியர் (நுண்ணளவுக் கருவி), 10 மடங்கு லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி), நகைத் தராசு கைவசம் உண்டு. உரைகல்லில் உரசாமல் எப்படிச் சோதிப்பது?

குதிரைவீரன்:
உரைகல் வேண்டவே வேண்டாம், விளிம்பு பாழாகிவிடும். சோதனையையும் விளிம்பிலிருந்தே தொடங்குங்கள். வெள்ளியில் சுமார் 65 லட்சம் பதக்கங்கள் கொடுத்தார்கள். அதனால் விலை ஏறுவது பெயராலும் படைப்பிரிவாலும்தான். மோசடி நடக்கும் இடமும் அதுவே: பழைய பெயரை அரத்தால் ராவிவிட்டு வேறொன்றைப் பொறிப்பார்கள்.

விட்டம் 36 மி.மீ. வெர்னியரை நாலைந்து திசைகளில் வைத்து அளந்து பாருங்கள். பெயர் இருக்கும் திசையில் மட்டும் 0.2, 0.3 மி.மீ. குறைந்தால் ராவியிருக்கிறார்கள். சுற்றிலும் சீராக ராவியிருந்தால் திசைக்குத் திசை வித்தியாசம் வெர்னியரில் தெரியாது. அப்போது முகப்பின் ஓரவரம்பு மெலிந்திருக்கிறதா பாருங்கள். அடுத்து விளக்கைச் சாய்த்துப் பிடித்து, எழுத்துகளுக்கு இடையே லூப்பில் பாருங்கள். அசல் எழுத்து அச்சால் அழுத்தியது. உளியால் கீறியது ‘வி’ வடிவப் பள்ளமாக, முனையில் வாலோடு தெரியும்.

தராசுக்காரன்:
உலோகத்துக்கு நீர்ச்சோதனை. ரிப்பனைக் கழற்றிவிட்டு எடை போடுங்கள். பிறகு தண்ணீர்க் கிண்ணத்தைத் தராசில் வைத்து பூஜ்யமாக்கி, பதக்கத்தை நூலில் கட்டி முழுக முக்குங்கள். அடியிலோ பக்கத்திலோ தொடக்கூடாது. எடையை இப்போது காட்டும் கிராமால் வகுத்தால் அடர்த்தி. 31.5 கிராம் பதக்கம் 3.05 காட்டினால் 10.3, அதாவது 92.5 சதவீத வெள்ளி. வெள்ளைப் பித்தளையோ குப்ரோநிக்கலோ (செம்பு, நிக்கல் கலவை) என்றால் 3.5க்கு மேல் போகும்.

குதிரைவீரன்:
ரிப்பன் மாட்டும் கொக்கியின் இணைப்பில் காற்றுக்குமிழ் ஒட்டினாலும் அடர்த்தி குறைத்துக் காட்டும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு விடுங்கள். அதோடு, வெள்ளி என்று தெரிந்தால் போதாது. பெயர் மாற்றிய அசல் பதக்கமும் இந்தச் சோதனையில் தேறிவிடும். வெள்ளியிலேயே வார்த்த போலியும் தேறும். அதில் ஊசிமுனைக் குழிகள், மழுங்கிய குதிரைப் பிடரி, விளிம்பில் வார்ப்புக்கோடு, குளிர்ந்து சுருங்கியதால் சற்றுக் குறைந்த விட்டம் ஆகியவற்றைத் தேடுங்கள். கொக்கி சுழலவும் கூடாது. இந்தப் பதக்கத்துக்கு நிலையான நேர்ப்பட்டைதான்.

பட்டுநாடா:
ரிப்பன் புதிது என்பதற்காக ஒதுக்கிவிடாதீர்கள், கிழிந்தால் மாற்றுவது வழக்கம். நடுவில் ஆரஞ்சு, இருபுறமும் வெள்ளை, கறுப்பு, ஓரத்தில் நீலம் என்ற வரிசை சரியா என்று மட்டும் பாருங்கள். புற ஊதா விளக்கில் நீலவெண்மையாக ஒளிர்ந்தால் பிற்கால நூல்.

செம்பு நிறத்தில் ஒன்று கண்ணில் பட்டால் போலி என்று தள்ளவும் வேண்டாம். தொழிலாளர் படைகளுக்கு வெண்கலத்திலும் கொடுத்தார்கள். விபூதி, புளி போட்டு மட்டும் தேய்க்காதீர்கள். பள்ளங்களில் படிந்த கறுப்பு போய்விட்டால், அரத்தின் கீறல் பழையதா புதியதா என்று சொல்லவே முடியாது.