மறு: நிக்சிக் குழலுக்கும் அதன் மின்வழங்கிக்கும் கலைச்சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம். எண்களை ஆரஞ்சு ஒளியில் காட்டும் பழைய கண்ணாடிக் குழலான நிக்சிக்கும், அதற்கு மின்சாரம் தரும் சுற்றுக்கும் தமிழ்ச் சொல் தேடுகிறோம்.

> நிக்சி ட்யூபுக்கு 'ஒளிர்குழல்' என்று வைத்துவிடலாமே, எளிமையாக இருக்கிறது.

எளிமைதான். ஆனால் எண் காட்டும் பழைய குழல்களில் ஒளிராதது எது? கடிகாரம் கட்டுகிறவர் கைக்கு மூன்று வகை வரும். நிக்சியில் நியான் வளிமம் இருக்கிறது. இழை இல்லை, சூடாக்கவும் வேண்டாம். ஆனால் 170 வோல்ட் அளவில் நேர்திசை மின்சாரம் கேட்கும். விஎஃப்டி என்கிற நீலப்பச்சைக் குழலுக்குள் வெற்றிடம். ஓரிரு வோல்ட்டில் சூடாகும் மெல்லிய இழையும், அது உமிழும் எலெக்ட்ரான்களை இழுக்க 25 முதல் 50 வோல்ட்டும் அதற்குப் போதும். நியூமிட்ரானில் பல்பில் உள்ளதுபோன்ற இழைகளே எண்ணாக அமைந்திருக்கும். 5 வோல்ட்டுக்குள் வேலை முடிந்தது. மூன்றையும் ஒளிர்குழல் என்றே எழுதி, படித்தவர் நியூமிட்ரானில் 170 வோல்ட்டைக் கொடுத்தால் இழை அந்த நொடியே போய்விடும். எந்த மின்சாரம் கொடுக்க வேண்டும் என்பதைப் பெயரே கொஞ்சம் காட்டிக்கொடுத்தால் நல்லது.

அதனால் பொதுப்பெயராக எண்குழல் இருக்கட்டும். அதன்கீழ் நிக்சிக்கு நியான் எண்குழல், நியூமிட்ரானுக்கு இழை எண்குழல், விஎஃப்டிக்கு உடனொளிர் எண்குழல். உடனொளிர்தல் (ஃபுளோரசன்ஸ்) ஏற்கெனவே நம்மிடம் புழங்கும் சொல் என்பதால் மூன்றாவதற்குப் புதிதாக எதுவும் தேட வேண்டியதில்லை.

> எண்ணே இல்லாத நிக்சிகளும் உண்டே?

உண்டு. சோவியத் ஐஎன்-15 குழலில் அலகுக் குறிகளும் கூட்டல் கழித்தல் குறிகளும்தான். இருந்தால் என்ன? எள்ளின் நெய்தான் எண்ணெய். மண்ணெண்ணெயில் எள்ளைத் தேடுகிறவர் யாரும் இல்லை. பெரும்பான்மைக்கு வைத்த பெயர் சிறுபான்மையையும் சுமக்கும்.

நிக்சி என்பது பரோஸ் நிறுவனம் 1955-இல் சந்தைக்குக் கொண்டுவந்தபோது வைத்த வணிகப்பெயர். பேச்சில் அது இருக்கத்தான் போகிறது, இருந்துவிட்டுப் போகட்டும். கட்டுரையில் முதல்முறை வரும்போது 'நிக்சி எனப்படும் நியான் எண்குழல்' என்று எழுதிவிட்டால் தீர்ந்தது.

இனி மின்வழங்கி. குறைந்த மின்னழுத்தத்தைக் கூட்டித் தரும் பூஸ்ட் கன்வெர்ட்டருக்கு வந்த 'ஊக்க மாற்றி' எனக்கு ஒப்பவில்லை. ஊக்கி என்றாலே வேதியியல்காரருக்கு வினையூக்கி நினைவுக்கு வரும். மாற்றி என்றால் மற்றவர்களுக்கு மின்மாற்றி. இந்தச் சுற்றில் மின்மாற்றியே கிடையாது: மாஸ்ஃபெட் என்கிற மின்னணுச் சுவிட்சு மூடும்போது, தூண்டி எனப்படும் கம்பிச்சுருளில் மின்னோட்டம் ஏறுகிறது. திறந்ததும், ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டத்தைத் தூண்டி நிற்க விடாது. அழுத்தம் எகிறி, டையோடு வழியாக மின்தேக்கியில் போய்ச் சேர்கிறது. 12 வோல்ட் இப்படித்தான் 180 ஆகிறது. 'மின்னேற்றி' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அது சார்ஜருக்குப் போய்விட்டது. 'மின்தூக்கி'யில் ஆள் ஏறுகிறார்கள். மிஞ்சியது மின்னழுத்த உயர்த்தி. சுற்றுப்படத்தில் வெறும் உயர்த்தி. அழுத்தத்தைக் குறைக்கும் பக் கன்வெர்ட்டருக்குத் தாழ்த்தி என்ற இணையும் தானாகக் கிடைக்கிறது. இணை கிடைக்காத கலைச்சொல்லை நான் நம்புவதில்லை.

எனக்கு உண்மையில் முக்கியம் அடுத்த இரண்டு சொற்கள். நியான் எண்குழல் ஒளிரத் தொடங்க ஓர் அழுத்தம் வேண்டும், தொடர்ந்து ஒளிர வேறோர் அழுத்தம் போதும். வளிமம் அயனியாகும் வரை குழல் வழியே மின்னோட்டம் போகாது. 170 வோல்ட்டை நெருங்கும்போது சட்டென்று பற்றிக்கொள்ளும். பற்றியபின் குழலுக்கு இடையே ஏறத்தாழ 140 வோல்ட்தான் நிற்கும். உயர்த்தி 180 கொடுத்தால் மீதி 40 வோல்ட்டை ஒரு மின்தடையம் வாங்கிக்கொள்ள வேண்டும். 2 மில்லிஆம்பியர் ஓட வேண்டுமென்றால் 20 கிலோஓம். அந்தத் தடையம் இல்லாவிட்டால் மின்னோட்டம் கட்டுமீறிப் போய்க் குழல் கெடும். மின்னோட்டம் குறைந்தாலும் சிக்கல் உண்டு. எண்ணின் கம்பியைச் சுற்றிப் போர்த்த வேண்டிய ஆரஞ்சு ஒளி பாதியில் நின்றுவிடும். 8-இன் கீழ்வட்டம் இருக்கும், மேல்வட்டம் இருக்காது.

இந்த இரண்டையும் 'தொடக்க மின்னழுத்தம்', 'நிலை மின்னழுத்தம்' என்று எழுதியிருக்கிறார்கள். நிலை என்றதும் நிலைமின்னியல் குறுக்கே வருகிறது. 'தாங்கும் மின்னழுத்தம்' என்று மாற்றினால், மின்தேக்கியின் மேல் எழுதியிருக்கும் 250 வோல்ட் எல்லையும் அதே பெயரில்தான் இருக்கிறது. ஆகவே பற்றழுத்தம், நீடழுத்தம். விளக்குப் பற்றுவதும் நீடிப்பதும் எல்லாருக்கும் தெரியும், விளக்கவுரை தேவைப்படாது.

---

ஐயா, வணக்கம்.

பற்றழுத்தம் அருமை. இன்றே என் குறிப்பேட்டில் மாற்றிவிட்டேன். நீடழுத்தம் காதுக்குக் கொஞ்சம் நெருடுகிறது, 'நெட்டழுத்தம்' என்று படித்துவிட்டேன். 'எரியழுத்தம்' என்றால் என்ன?

இன்னொன்று, பட்டியலில் ப்ளீடர் ரெசிஸ்டர் விடுபட்டிருக்கிறது. மின்சாரத்தை நிறுத்தியபின்னும் மின்தேக்கியில் 180 வோல்ட் உட்கார்ந்திருக்கும், கை வைத்தால் உதறித் தள்ளும். அதற்கு இணையாக 1 மெகாஓம் போட்டால், 4.7 மைக்ரோஃபாரட் மின்தேக்கி கால் நிமிடத்தில் 10 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிடும். இதை நான் 'வடிதடை' என்று எழுதிவருகிறேன். பிழை என்றால் சொல்லுங்கள்.

---

தம்பி, வடிதடையில் பிழை ஒன்றும் இல்லை. அப்படியே வைத்துக்கொள்வோம். எரியழுத்தம் வேண்டாம். இங்கே எதுவும் எரிவதில்லை, குழல் தொட்டால் வெதுவெதுப்புதான். தவிர, பற்றுவதும் எரிவதும் ஒன்றுதானே என்று நினைப்பவர் இரண்டு அளவுகளையும் குழப்பிக்கொள்வார். நெருடல் பழகப் பழகப் போய்விடும். போகாவிட்டால் 'நீடிக்கும் அழுத்தம்' என்று நீட்டி எழுதிக்கொள்ளலாம்.

கெத்தோடு பாய்சனிங்குக்குத்தான் எனக்குச் சொல் அகப்படவில்லை. ஒருவர் 'எதிர்மின்வாய் நஞ்சேற்றம்' என்றார். நஞ்சு எங்கே இருக்கிறது? எதிர்மின்வாயாக இருந்து ஒளிரும் எண்ணிலிருந்து உலோகத் துகள் தெறித்து, ஒளிராமல் சும்மா இருக்கும் எண்களின்மேல் படிகிறது, அவ்வளவுதான். 24 மணிக் கடிகாரத்தில் மணியின் முதல் இலக்கம் 0, 1, 2 தாண்டிப் போவதே இல்லை. அந்தக் குழலின் 3 முதல் 9 வரை இப்படி மெல்லக் கெடும், பிறகு ஒருநாள் ஏற்றிப் பார்த்தால் எண் துண்டு துண்டாகத் தெரியும். அவ்வப்போது எல்லா எண்களையும் சுழற்றி ஒளிரவிடச் சொல்வது இதற்காகத்தான். மருந்து கடிகாரத்தின் கணினி நிரலில் இருக்கிறது, நோய்க்குத்தான் பெயர் இல்லை. 'படிவேற்றம்' என்று யோசித்தேன், ஆற்றுப்படுகை நினைவுக்கு வருகிறது. 'மின்வாய்க் கறை' பரவாயில்லை போலிருக்கிறது. ஆனால் கறை என்றால் துடைத்தால் போகும் என்று குழலை உடைத்துத் திறக்க யாராவது கிளம்பிவிடுவார்களோ என்று ஒரு பயம். வேறு தோன்றினால் இதே மடல்தொடரில் எழுதுங்கள்.