சிபிஏ சுண்டெலிக்கு நோய் எதிர்ப்புச் சக்தி குறைவா?

வலங்கைமான் வாணி:
கும்பகோணத்தில் எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கிறேன். மெக்டெவிட்டும் செலாவும் 1965-ல் வெளியிட்ட சோதனைதான் என் செமினார். ஒரே செயற்கைப் பாலிபெப்டைடை (அமினோ அமிலச் சங்கிலி) ஊசியாகப் போட்டதில் சி57 என்ற ஆய்வக எலி வகையில் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) நிறைய, சிபிஏ வகையில் மிகக் குறைவு. சிபிஏவுக்கு எதிர்ப்புச் சக்தியே குறைவு என்று எழுதலாமா? வீட்டில் குறுவை அறுப்பு, நூலகம் போக நேரமில்லை.

கொள்ளிடக்கரை:
இன்ப்ரெட் எலிதானே, சொந்தத்துக்குள்ளேயே கலந்து நோஞ்சானாகியிருக்கும்.

ஐயாறு வாத்தியார் (ஓய்வு):
தம்பி, சி57-உம் இன்ப்ரெட்தான்!

வாணி, அந்த வரியை எழுதாதேம்மா. அந்தப் பாலிபெப்டைடில் டைரோசின் என்ற அமினோ அமிலத்தை எடுத்துவிட்டு ஹிஸ்டிடின் என்ற இன்னொன்றை வைத்தால் கதை தலைகீழ்: சிபிஏ நன்றாக ஆன்டிபாடி தரும், சி57 சுணங்கும். புகையான் பூச்சியைத் தாங்கும் நெல் ரகம் குலைநோயில் படுத்துவிட்டால் அதை நோஞ்சான் ரகம் என்றா ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் சொல்வார்கள்?

காரணம் எலியின் 17-ஆம் குரோமோசோமில் இருக்கும் எச்-2 என்ற மரபணுத் தொகுதி. சி57-க்கு எச்-2 பி வகை, சிபிஏவுக்கு கே. இதை மெக்டெவிட்டும் சினிட்ஸும் 1969-ல் காட்டினார்கள். எனக்குப் பிடித்த சான்று சி3எச்.எஸ்.டபிள்யூ எலி. சி3எச் எலியும் கே வகைதான், டைரோசின் உள்ள பாலிபெப்டைடுக்கு ஆன்டிபாடி மிகக் குறைவாகவே தரும். மற்ற மரபணுக்களை அப்படியே விட்டு எச்-2 பகுதியை மட்டும் பி ஆக்கியதுதான் சி3எச்.எஸ்.டபிள்யூ; அது சி57 மாதிரியே தருகிறது. செமினாரில் இதில் நின்று பேசு.

எப்படி என்று கேட்பார்கள். அங்குள்ள கிளாஸ் 2 மரபணுக்கள் உண்டாக்கும் புரதத்தில் ஒரு பள்ளம் உண்டு. ஆன்டிஜெனின் (இங்கே, நாம் போட்ட பாலிபெப்டைடின்) துண்டு அதில் பொருந்தினால்தான் உதவி டி செல் அதைப் பார்க்கும். பார்க்காவிட்டால் ஆன்டிபாடி செய்யும் பி செல்லுக்கு உதவி கிடைக்காது, ஆன்டிபாடியும் ஏறாது.

வலங்கைமான் வாணி:
நன்றி ஐயா. எஃப்1 (சி57-ஐயும் சிபிஏவையும் கலந்த முதல் தலைமுறை) பற்றிக் கேட்டால்?

ஐயாறு வாத்தியார் (ஓய்வு):
எஃப்1 குட்டிகள் தரும், பெற்றோர் இருவருக்கும் இடைப்பட்ட அளவில். அப்புறம், ஸ்லைடில் ஒவ்வோர் எலியின் பெயருக்குப் பக்கத்திலும் அதன் எச்-2 வகையைப் போடு, பாதிக் கேள்வி எழாது. இந்தத் துறைக்குக் கிடைத்த 1980 மருத்துவ நோபலைக் கேட்டால் பெனசெராஃப், டோசே, ஸ்னெல். மெக்டெவிட்டை விட்டுவிட்டார்கள்; எனக்கு அதில் இன்னும் வருத்தம்தான்.