நம் மலையகக் கதையை டாபெஸ்ட்ரியாக நெய்ய முடியுமா?

கொட்டகலை_வாசகி:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்து வாசிகசாலைச் சுவருக்கு ஒரு நெய்த படம், அதாவது டாபெஸ்ட்ரி, செய்யலாம் என்று பெண்கள் சிலர் பேசிக்கொண்டிருக்கிறோம். தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்த நம் ஆட்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்த பாதை, வரிசை வீடுகளான லயம், சவுக்கு மரம், இடுப்பில் படங்குச் சாக்குக் கட்டிக் கொழுந்தெடுக்கும் அம்மாமார் எல்லாம் அதில் வர வேண்டும். 2023இல் நம் ஆட்கள் வந்த 200 வருட நினைவாக அந்தப் பாதையில் நடந்தார்களே, அப்போதிருந்தே மனதில் இருக்கும் ஆசை. தும்பறைப் பாயும் டாபெஸ்ட்ரியும் ஒன்றா? மரச்சட்டத்தில் வீட்டிலேயே நெய்யலாமா, இல்லை துணியில் தையல் போட்டால் போதுமா?

மாத்தளை_தறி:
தாராளமாக நெய்யலாம் தங்கச்சி. தும்பறைப் பாய் வேறு முறை. கண்டி மாவட்டத்தில் தும்பறைப் பக்கம் ஹண என்ற செடியின் நாரில் நெய்வார்கள், பாவு நூலை, அதாவது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூலை, குச்சியால் தூக்கித் தூக்கிக் கோலம் எடுப்பார்கள், 2021இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. டாபெஸ்ட்ரியில் குறுக்கே ஓட்டும் ஊடை நூல் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போகாது, பச்சை பச்சைக்குரிய இடத்திலேயே போய்த் திரும்பும், சிவப்பு அதன் இடத்தில். ஊடையை நெருக்கி இறக்குவதால் பாவு கண்ணுக்கே தெரியாது. படம் துணிமேல் ஒட்டிய ஒன்றாக இல்லாமல், அந்த நூலே துணியாகவும் படமாகவும் இருக்கும். எனக்கு அதில் பிடித்ததே அதுதான்.

ஒன்று கவனியுங்கள். இரண்டு நிறம் நேர்ச்செங்குத்தாகச் சந்திக்கும் இடத்தில் நீளமாகப் பிளவு விழும். மலைச்சரிவுக்குப் பிரச்சினை இல்லை, சாய்கோடு படிப்படியாக ஏறிவிடும். சவுக்கு மரமும் லயத்துச் சுவரும்தான் பிளக்கும். ஐரோப்பாவில் பழைய நெசவாளர்கள் படத்தையே பக்கவாட்டில் படுக்கவைத்து நெய்தார்கள், மாட்டும்போது திருப்பிக்கொள்ளலாம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பதுளை_வாசகர்:
நான் தையல் பக்கம். பேயோ டாபெஸ்ட்ரி என்று உலகமே சொல்கிறதே, அது நெசவே இல்லை, லினன் துணியில் கம்பளி நூலால் போட்ட தையல், ஏறக்குறைய 70 மீட்டர். 1066இல் இங்கிலாந்தைப் பிரான்சுப் பக்கத்து நோர்மன்கள் பிடித்த கதை அது, சொல்வது பெரும்பாலும் ஜெயித்தவர்கள் பக்கம். அரசர்களும் பிரபுக்களும் நெய்வித்த திரைகளும் அவர்களுடைய பெருமையைச் சொல்லத்தான், போகிற கோட்டைக்கெல்லாம் சுருட்டி எடுத்துப்போய் மாட்டினார்கள். நெய்வித்தவர் பெயர் நமக்குத் தெரிகிறது, நெய்த கைகளின் பெயர் அபூர்வம். தேயிலைப் பெட்டியில் தோட்டத்தின் பெயர் இருக்கும், பறித்தவள் பெயர் இருக்காது, அதே கதைதான். நீங்கள் எந்த முறையில் செய்தாலும் சரி, செய்த அத்தனை பேரின் பெயரையும் ஓரத்தில் போடுங்கள்.

கொட்டகலை_வாசகி:
பெயர் கட்டாயம் போடுவோம் அண்ணன், ஓரத்தை மட்டும் தையலில் வைத்துக்கொள்கிறோம். நடுப்படம் நெசவுதான். பாவுக்கு என்ன நூல் நல்லது?

மாத்தளை_தறி:
முறுக்கேறிய தடித்த பருத்தி நூல், சட்டத்தில் நன்றாக இழுத்துக் கட்டுங்கள், தளர்ந்தால் படம் கோணிவிடும். ஊடைக்குக் கம்பளி நூல், பழைய ஸ்வெட்டரைப் பிரித்தும் எடுக்கலாம். கீழிருந்து மேலே போவதால் முடிந்த பகுதியைத் திருத்த மேலே உள்ளதையெல்லாம் பிரிக்க வேண்டிவரும், அதனால் படத்தை முழு அளவில் வரைந்து பாவுக்குப் பின்னால் கட்டிவிட்டு ஆரம்பியுங்கள். முதலில் ஒரு அடிச் சதுரத்தில் வெறும் மலை மட்டும் நெய்து பாருங்கள். கை பழகினதும் ஆட்கள்.