பிள்ளை வளர வளரப் பிடியைத் தளர்த்தலாமா?

வைகறை:
என் மகளுக்குப் பதினைந்து வயது. போன மாதம் அவள் புத்தகப் பைக்குள் நான்காக மடித்த கணக்குத் தாள் ஒன்று கிடைத்தது. 100-க்கு 41. மூன்று வாரமாக ஒளித்து வைத்திருக்கிறாள். மார்க் குறைந்ததைவிட, என்னிடம் சொல்லப் பயந்துவிட்டாளே என்பதுதான் எனக்கு வலித்தது. அன்றிலிருந்து மார்க் பேச்சையே நான் எடுப்பதில்லை. கணவரோ, “தப்பு பண்றே” என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கற்பாறை:
உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. என் அப்பா தினமும் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வைத்திருக்காவிட்டால் என் படிப்பு பாதியிலேயே நின்றிருக்கும். கண்டிப்பது பாசம் இல்லாததால் அல்ல.

நெடுவழி:
பக்கத்தில் உட்கார்ந்தார் என்கிறீர்களே, அது துணை. நான் அதை எதிர்க்கவே மாட்டேன். பையைத் துழாவுவதும் குறுக்கு விசாரணை செய்வதும் வேறு. ஸ்டாட்டின், கெர் என்ற இரு உளவியலாளர்கள் ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகளிடமும் அவர்களின் பெற்றோரிடமும் நடத்திய ஆய்வு 2000-இல் வெளியானது. பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் அறிந்திருந்ததில் பெரும்பகுதி, பிள்ளைகள் தாமாகச் சொன்னது. கேட்டும் கட்டுப்படுத்தியும் தெரிந்துகொண்டது அதைவிடக் குறைவு. சொல்லும் வாய் மூடிக்கொண்டால் நமக்கு ஒன்றுமே தெரியாது.

கற்பாறை:
தானாகச் சொல்லும் பிள்ளைக்கு அது சரி. என் மகன் வாயே திறக்க மாட்டான். விட்டால் இரவு இரண்டு மணி வரை கையில் போன். டயானா பாம்ரிண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960-களிலேயே பெற்றோரின் போக்குகளை வகை பிரித்தார். அவர் நல்லது என்று சொன்ன வகையில் அன்போடு உறுதியான விதிகளும் உண்டு. அதை எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறோம்.

நெடுவழி:
போன் விதி கட்டாயம் இருக்கட்டும். ஆனால் ஏன் என்று அவனோடு பேசி வைத்த விதியாக இருக்கட்டும். என் மகனும் பேசாதவன்தான். இரவு நான் பாத்திரம் கழுவும்போது வாசற்படியில் வந்து சாய்ந்து நிற்பான். மெல்ல ஏதாவது ஆரம்பிப்பான். நான் திரும்பி முகத்தைப் பார்த்தால் போதும், பேச்சு நின்றுவிடும். அதனால் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டு நிற்பேன். அவனுடைய நண்பன் சிகரெட் பிடிப்பது அப்படித்தான் எனக்குத் தெரிய வந்தது. அப்போது நான் கத்தியிருந்தால் அதுவே அவன் சொன்ன கடைசி விஷயமாக இருந்திருக்கும்.

கற்பாறை:
சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வைகறை அம்மா, மார்க்கைப் பற்றி நீங்கள் அடியோடு கேட்காமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அம்மா நம்மைக் கைகழுவிவிட்டாள் என்று அந்தப் பெண் நினைக்கமாட்டாளா?

வைகறை:
நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்றெல்லாம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோணத்தில் நான் பார்க்கவே இல்லை. இரவு அவளருகில் போய் உட்கார்ந்து, “அந்தத் தாளை எடு, நீ எந்தக் கணக்கில் மாட்டினேன்னு பார்ப்போம்” என்றேன். பையைத் திறந்து பார்த்ததற்கு மன்னிப்பும் கேட்டேன். கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் எழுந்து போய், அலமாரியில் துணிக்கு அடியிலிருந்து இன்னொரு தாளையும் எடுத்து வந்து என் மடியில் வைத்தாள்.