அணிக்குள் தரவு வகை கலந்தால் நடப்பதற்கு என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம். பைத்தான் பயிற்சிக் குறிப்பேடு திங்களன்று அச்சுக்குப் போகிறது, ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். ஒரு மாணவி நம்பை (NumPy, பைத்தானின் எண்கணக்கு நூலகம்) அணியில், அதாவது ஒரே வகை மதிப்புகளின் வரிசையில், மதிப்பெண்களைப் போட்டபோது, தேர்வுக்கு வராதவருக்கு ‘வரவில்லை’ என்று எழுதிவிட்டார். அணி முழுக்கச் சரமாகிவிட்டது, அதாவது எண்களும் வெறும் எழுத்துத் தொடர்களாகிவிட்டன. ஏறுவரிசையில் அடுக்கினால் 100, 78, 9 என்று வருகிறது. நூறு வாங்கியவர் கடைசி மாணவர்! இந்த டைப் புரமோஷனை (கலந்த வகைகள் தானாக ஒரே வகையாவதை) ‘வகை உயர்வு’ எனலாமா?

—

> வகை உயர்வு

உயர்வா? 9007199254740993-ஐ 0.5 உடன் ஒரே அணியில் வையுங்கள். மிதவை எண்ணாகி (கணினி தசம எண்ணை வைக்கும் வகை), கடைசி இலக்கம் 2 ஆகிவிடும். 2-இன் 53-ஆம் அடுக்கைத் தாண்டிய ஒற்றைப்படை எதுவும் அதில் நிற்காது. மேட்லாப் (MATLAB) என்ற கணிப்பு மொழியில் நேரெதிர்: 8 பிட் முழுவெண்ணோடு 2.7 சேர்ந்தால் 2.7தான் இறங்கிவந்து 3 ஆகிறது. ‘வகைத்திரிபு’ என்பேன்.

—

திரிதல் புணர்ச்சி விகாரம் மூன்றில் ஒன்றுதானே ஐயா? 1 என்பது 1.0 ஆவது தோன்றல். முழுவெண் அணியில் 2.7-ஐத் திணித்தால் நம்பை சத்தமில்லாமல் 2 ஆக்குகிறதே, அது கெடுதல். பொதுவாக ‘வகைவிகாரம்’.

—

விகாரம் வடசொல். போதாததற்கு, வகுப்பில் சிரிப்பார்கள்.

—

நன்னூல் இருக்க அலைவானேன்? ‘திணைபால் பொருள்பல விரவின சிறப்பினும் மிகவினும் இழிபினும் ஒருமுடிபினவே.’ திணையும் பாலும் கலந்து வந்தால் சிறப்பாலோ மிகுதியாலோ இழிவாலோ ஒரே முடிபு கொள்ளும் என்பது பொருள். திங்களும் சான்றோரும் ஒப்பர்: சிறப்பால் திங்களும் உயர்திணை முடிபு பெற்றது, இது நம்பை. மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா: இழிபால் ஆளும் அஃறிணை ஆனான், இது மேட்லாப். மிகுதிக்குத்தான் கணினியில் எடுத்துக்காட்டு அகப்படவில்லை. ஆயிரம் எண்ணுக்கு நடுவே ஒற்றைச் சரம் இருந்தாலும் சரமே வெல்கிறது. ஆகவே ‘ஒருமுடிபு’.

—

அருமை ஐயா. ஆனால் ‘ஒருமுடிபு’ என்று அச்சிட்டால் எழுத்துப்பிழை என்று திருத்தி ‘ஒரு முடிவு’ ஆக்கிவிடுவார்கள். நாமே கட்டளையிட்டு மாற்றுவதற்கு ‘வகைமாற்றம்’ ஏற்கெனவே இருக்கிறது. தானாக நடப்பதற்குத் ‘தன்வகைமாற்றம்’ என்று வைத்துக்கொள்வோமா? மணி 11 ஆகிறது.

—

சரி.

—

எனக்கும் சரி.

—

அச்சுக்கு அனுப்புங்கள், தடுக்கவில்லை. ஆனால் ‘தன்’ என்றால் தன்வினை. அணி தானாகவா மாறியது? அந்த ‘வரவில்லை’ வந்து மாற்றியது. பிறவினை, அம்மா. என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.