"தண்ணி குடிச்சி செத்தாரு" என்றால் என்ன? சயாம் ரயில் பற்றி ஒரு கேள்வி

பள்ளிகொண்டா பேரன்:
எங்கள் ஆயாவின் அப்பா 1936-ல் மலாயாவுக்குக் கப்பல் ஏறியவர். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு. ஜப்பான்காரன் வந்த பிறகு, மூன்று மாத வேலை என்று சொல்லி சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். பாதை முடிவதற்குள் ஆள் போய்விட்டார். ஊரில் எல்லோரும் குண்டு விழுந்து செத்தார் என்பார்கள். ஆயா மட்டும், "தண்ணி குடிச்சி செத்தாரு" என்று கூடப் போனவர் வந்து சொன்னதாகச் சொல்கிறார். ஆற்றில் மூழ்கிவிட்டாரா?

காட்பாடிக்காரன்:
குண்டுதான். அந்தப் பாதையில் இருந்த குவாய் ஆற்றுப் பாலத்தில் விமானம் குண்டு போட்டது எல்லோருக்கும் தெரியுமே.

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர், வேலூர்:
பாலத்தில் குண்டு விழுந்தது பெரும்பாலும் 1944, 45-ல். பாதை 1943 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. தம்பி, ஆயா சொல்வதுதான் சரி. அது காலரா, கெட்ட தண்ணீரில் பரவும் வாந்திபேதி.

வேலையில் இருந்தபோது எந்தக் கிராமத்தில் வாந்திபேதி என்றாலும் நாங்கள் முதலில் தேடிப் போவது கிணற்றை. பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றிவிட்டு, அப்புறம்தான் வீடு வீடாகப் போவோம். 1943 மழைக்காலத்தில் பாதை ஓரமாக ஓடும் குவாய் நொய் (Khwae Noi) என்ற ஆற்றின் கரையில் இருந்த தொழிலாளர் முகாம்களில் காலரா பரவியது. மேலே ஒரு முகாம், கீழே ஒரு முகாம், நடுவில் அதே ஆறு. ஜப்பான்காரன் போரில் பிடித்து அங்கே வேலை வாங்கிய வெள்ளைக்காரக் கைதிகளோடு ராணுவ டாக்டர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க விடவில்லை. தட்டைக்கூட வெந்நீரில் முக்கச் சொன்னார்கள். சில முகாம்களில் உப்புநீரை மூங்கில் குழாய் வைத்து நரம்பில் ஏற்றியிருக்கிறார்கள்! நம் ஆட்களுக்கு டாக்டர் கிடையாது. சோறும் தீட்டின அரிசி, அதுவும் அரை வயிறு. அந்த அரிசியையே தின்று சத்துக் குறைந்து வரும் பெரிபெரி நோயில் கால் வீங்கினவனுக்குப் பேதி வந்தால் எத்தனை நாள் தாங்குவான்?

கைதிகள் சுமார் 60,000 பேரில் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர் என்று கூலிகள் ஏறத்தாழ 1,80,000. செத்தவர்கள் 90,000 வரை என்கிறார்கள். இதில் குண்டுபட்டவர்கள் கொஞ்சம்தான்.

ஆரணி வாசகர்:
அதே 1943-ல் வங்காளப் பஞ்சத்திலும் இதுதான். ஜப்பான் பர்மாவைப் பிடித்ததால் அங்கிருந்து வந்த அரிசி நின்றது, விலை ஏறியது. பசியோடு மலேரியாவும் காலராவும் அம்மையும் சேர்ந்து 20 முதல் 30 லட்சம் பேரைக் கொண்டுபோயின. அங்கே குண்டு விழுந்தது கல்கத்தா பக்கம் கொஞ்சம்.

பள்ளிகொண்டா பேரன்:
நன்றி ஐயா. ஆயாவிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பாலாத்துல ஊத்து தோண்டிக் குடிச்சவரு. ஆத்துத் தண்ணியக் காய்ச்சணும்னு அவருக்கு எப்படித் தெரியும்?" என்றார்.